கதவும் ஓம் சொல்ல வேண்டும்

ஜெசி பச்சைப் பொத்தானை முழங்கையால்தான் அமுக்கினாள். இரண்டு கைகளிலும் இடியப்பத் தட்டுகள் இருந்தன. அமுக்கிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, ஸ்டீம் பெட்டியின் கதவைப் பார்த்தபடி நின்றாள். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் நிற்பார்களே, அப்படி.

கதவு திறக்கவில்லை. பெட்டிக்குள்ளே 'உஸ்ஸ்ஸ்' என்று ஆவி பாயும் சத்தம்தான் கேட்டது.

தட்டுகள் தரையில் விழுந்தன. பிழிந்து வைத்திருந்த சிவப்பரிசி இடியப்பம் சிமெண்டில் நூல் நூலாகச் சிதறியது. ஜெசி வலது கையை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

யாருக்கும் காயமில்லை. பெட்டியின் கதவு மூடித்தான் இருந்தது. ஆவி எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போனது. சுவரில் நான் மாட்டிக் கொடுத்திருந்த கன்ட்ரோல் பெட்டி, சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்தது. ஆனால் எதற்காக அதை மாட்டினோமோ அந்தக் காரியம் அந்த ஒரு சத்தத்தில் கெட்டுப்போனது.

ஜெசியின் அக்கா பிலோமினா என் பக்கம் திரும்பினார்.

"கதவு தானாத் திறக்கும் எண்டெல்லோ சொன்னனீர், பிள்ளை?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. "பச்சைய அமுக்கினா திறக்கும், சிவப்ப அமுக்கினா அடைக்கும்" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு அவரும் ஆமாம் என்ற பொருளில் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினோம். அங்கேதான் வம்பே.

லைட்டைத் திறக்கிற ஊர்

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் லைட்டைத் திறப்போம். ஃபேனைத் திறப்போம். டிவியைத் திறந்து செய்தி பார்ப்போம். தூங்கப் போகும்போது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அடைப்போம். மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள், சீனர்கள் அப்படிச் சொல்கிறார்கள், அவர்களோடு வளர்ந்த எங்கள் தமிழ் மட்டும் வேறு மாதிரியா சொல்லும்?

படிக்க லண்டனுக்கு வந்த புதிதில் என் அறைத்தோழி ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். ஒரு கோடை நாள், ஜன்னலைத் திறந்தும் காற்றில்லை. "அந்த ஃபேனைக் கொஞ்சம் திறந்து விடேன்" என்றேன். அவள் எழுந்து போனாள். நெடுநேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஃபேனின் கம்பி மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இனி என்ன செய்யவேண்டும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. நான் படித்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். அந்தப் பாடத்தில் சர்க்யூட் திறந்திருக்கிறது என்றால் கரண்ட் ஓடவில்லை என்று பொருள். மூடியிருந்தால்தான் ஓடும். என் வாய்க்கோ திறந்தால் ஓடும், அடைத்தால் நிற்கும். வகுப்பில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் யோசித்து யோசித்து, அந்த முதல் வருடம் நான் பைத்தியம் பிடிக்காமல் தப்பியதே பெரிய விஷயம்.

இத்தனை அனுபவம் இருந்தும், பிலோமினா அக்காவின் சமையற்கூடத்துக்குப் பொத்தான் செய்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் கண்ணில் சட்டென்று படும் என்று நினைத்து, ஆசை ஆசையாக லேபிள் அடித்துக்கொண்டு போனேன். பச்சையின் மேல் 'திற'. சிவப்பின் மேல் 'அடை'. எழுத்து தடிமனாக, எண்ணெய்க் கை பட்டாலும் அழியாத வகை.

ஸ்டீம் பெட்டியின் கதவுக்கு மிக அருகில் ஒரு பச்சைப் பொத்தான். அதன்மேல் 'திற' என்ற எழுத்து. அந்தச் சமையற்கூடத்தில் அது ஆவியைப் பற்றிய சொல் என்று எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

தப்பு யாருடையது என்று என்னிடம் கேட்காதீர்கள். கிள்ளானுக்கு வந்து கேளுங்கள். அங்கே எல்லா ஓட்டும் எனக்குத்தான் விழும்.

காலியான அலமாரி

அவர்கள் இருவரையும் எனக்குத் தெரியவந்தது என் சோம்பலால். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தால் நான் அடுப்பைத் தொடமாட்டேன். அப்டன் பார்க்கில் இறங்கி, கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குள் நுழைந்து, இடியப்பப் பாக்கெட் ஒன்றும் சம்பல் டப்பா ஒன்றும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். அந்த இடியப்பம் மறுநாள் காலையிலும் பூப்போல இருக்கும். கடைக்காரரிடம் விசாரித்ததில், ஃபாரஸ்ட் கேட்டில் ரயில்பாதைக்கு அடியில் உள்ள ஒரு வளைவுக்குள் மன்னார்ப் பெண்கள் இருவர் செய்கிறார்கள் என்றார்.

பிறகு ஒரு வெள்ளி அலமாரி காலி. அடுத்த வெள்ளியும் காலி. மூன்றாவது வெள்ளி எனக்குக் கோபம் வந்துவிட்டது. பசியில் வருகிற கோபத்துக்குக் கால் முளைக்கும் என்பதால், நேராக ஃபாரஸ்ட் கேட்டுக்கே போய்விட்டேன்.

செங்கல் வளைவு. உள்ளே எவர்சில்வர் மேசைகள், பிழியும் மெஷின், மாவு மூட்டைகள், சுவரில் ஒரு மாதா படம். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் அடுக்கி வைத்த தட்டுகள் கிலுகிலுக்கும். பிலோமினா அக்கா தனியாக உட்கார்ந்து, வெறும் பாக்கெட்டுகளில் தேதி குத்திக்கொண்டிருந்தார். உள்ளே போடத்தான் ஒன்றும் இல்லை.

"இடியப்பம் ஏன் வருவதில்லை?" என்று அதட்டலாகத்தான் கேட்டேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது.

"ஜெசி வாறேல்லை, பிள்ளை," என்றார். பிறகு என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, முன்பின் தெரியாத என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாததாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு ஓம்

ஆவி வருவது வளைவின் பின்பக்கம் இருந்த சின்னப் பாய்லரிலிருந்து. அதைத் திருகிவிடும் பழைய சுவிட்சும் அங்கேதான், ஒரு தடுப்புக்குப் பின்னால். ஸ்டீம் பெட்டியோ முன்பக்கம். சுவிட்சில் நிற்பவருக்குப் பெட்டியின் கதவு தெரியாது. ஆகவே அக்காவும் தங்கையும் வாயால் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஜெசி தட்டுகளை உள்ளே அடுக்குவாள். பின்னாலிருந்து அக்கா "போடட்டோ?" என்று குரல் கொடுப்பார். ஜெசி கதவை மூடிவிட்டு "ஓம்" என்பாள். சுவிட்ச் திரும்பும். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

அன்று ஜெசியின் காதில் இயர்ஃபோன் இருந்தது. தலைத்தொப்பிக்கு அடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெளியூரில் படிக்கும் மகன் கூப்பிட்டு, ஏதோ பார்சல் வந்து சேர்ந்ததா என்று கேட்டிருக்கிறான்; இதைப் பிறகு அவன்தான் பெரியம்மாவிடம் சொன்னானாம். அதே நேரத்தில் பின்னாலிருந்து "போடட்டோ?" என்று அக்காவின் குரல் வந்தது.

ஜெசி மகனுக்கு "ஓம்" சொன்னாள். அவளுடைய வலது கை அப்போது பெட்டிக்குள் இருந்தது.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரி, கட்டு, களிம்பு என்று மாதங்கள் போய்த் தோல் ஆறிவிட்டது. ஜெசி வேலைக்கும் திரும்பி வந்தாள். மா குழைப்பாள், பிழிவாள், பாக்கெட் போடுவாள். ஸ்டீம் பெட்டிக்கு மட்டும் கிட்டப் போகமாட்டாள். அக்காவே தட்டை அடுக்கி, கதவை மூடி, பின்னால் ஓடிப்போய்ச் சுவிட்சைத் திருகி, ஓடி வந்து பார்த்து, மறுபடி ஓடி என்று ஒற்றையாளாக அல்லாடினார். அக்காவும் தங்கையும் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஜெசி வருவதையே நிறுத்திவிட்டாள். ஒரு ஸ்கூல் கிச்சனில் வேலை இருக்கிறதாம், ஈஸ்டர் லீவு முடிந்ததும் அங்கே போகப்போகிறாளாம். தவக்காலம் தொடங்கப்போகிறது. நோன்பு பிடிக்கிற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு, சைவக்காரர் வீடு என்று வெள்ளிக்கிழமை இடியப்பம் கேட்கிற கடைகள் இரண்டு மடங்காகும். ஆனால் அக்காவின் கவலை அது இல்லை.

"இடியப்பம் போனாப் போகட்டும். என்ர தங்கச்சி என்னோட நிண்டு வேலை செய்யப் பயப்பிடுறாள். அவள் என்னை ஏசியிருந்தாளெண்டா எனக்கு ஆறியிருக்கும்," என்றார்.

  அந்த வளைவை விட்டு வெளியே வரும்போதே இதற்கு ஒரு பெட்டி செய்வது என்று தீர்மானித்துவிட்டேன்.

பொம்மை என்று சொல்லாதீர்கள்

பெரிய கட்டடங்களின் ஏசி, பம்பு, பாய்லர் இவற்றை ஓட்டும் புரோகிராம் எழுதுவதுதான் என் சம்பள வேலை. பீரோ அளவு பேனல்கள், சுவர் நீளத் திரைகள். அங்கே லாஜிக் ரிலே என்ற சின்னச் சாமானைக் கையில் எடுத்தால், "அந்தப் பொம்மையா?" என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாசகர்களுக்காக அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மேலே சில வயர்கள் உள்ளே வரும், கீழே சில வயர்கள் வெளியே போகும். நடுவில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை, பக்கத்தில் நாலைந்து விசைகள். உள்ளே வருகிற வயர்கள் செய்தி சொல்லும்: கதவு மூடியிருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள். பெட்டி அவற்றைக் கேட்டுவிட்டு, வெளியே போகிற வயர்களில் உத்தரவு போடும்: வால்வை விடு, நிறுத்து, மணி அடி. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இதே வேலைக்கு ஒரு பலகை நிறைய ரிலேக்களும் டைமர்களும் வேண்டும். ஏதாவது மாற்ற நினைத்தால் வயர்களைப் பிடுங்கி மறுபடி கட்டவேண்டும். இப்போது அந்தக் கட்டுவேலையெல்லாம் பெட்டிக்குள்ளே படமாக இருக்கிறது. ஆவி விடும் நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ, நின்ற இடத்திலேயே விசையைத் தட்டி மாற்றிவிடலாம். ஒரு கார் பார்க்கின் மழைநீர்ப் பம்பு, ஒரு பேக்கரியின் ஷட்டர், செடி வளர்க்கும் ஒரு கண்ணாடி வீட்டின் தண்ணீர்க் குழாய் என்று இதை நான் மாட்டாத இடமில்லை. சின்ன வேலைக்குச் சின்னச் சாமான் போதும். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் கொசு அடிக்கக் கிரேன் கொண்டுவருவார்கள்.

பிலோமினா அக்காவுக்கு விளக்குவதற்கு நான் படம் ஏதும் போடவில்லை. அவர் சொன்ன கதையிலேயே விளக்கம் இருந்தது.

"இந்தப் பெட்டி மனுசங்க சொல்ற ஓமைக் கேக்காது அக்கா. கதவு ஓம் சொல்லணும். பாய்லர்ல தண்ணி ஓம் சொல்லணும். அதுக்கப்புறம்தான் உங்க விரல். மூணும் சேர்ந்து சொன்னாதான் ஆவி வரும்," என்றேன்.

அவர் யோசித்தார். "கதவு பொய் சொல்லாதோ?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நான் அதற்கும் வழி செய்திருந்தேன். கதவில் வைத்த சுவிட்சிலிருந்து தனித்தனியாக இரண்டு ஜோடி வயர்கள் புறப்படும். ஒன்று லாஜிக் ரிலேக்குப் போய், கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும். இன்னொன்று ரிலேயைத் தொடாமல், ஆவி வால்வுக்குப் போகும் கரண்டையே நேரே வெட்டும். ரிலேக்கு மூளை குழம்பினாலும், நான் எழுதிய புரோகிராமில் ஓட்டை இருந்தாலும், கதவு திறந்திருக்கும்வரை வால்வுக்குக் கரண்ட் கிடையாது. மனிதர் கை போகிற இடத்தில் புரோகிராமை மட்டும் நம்பி விடுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம்.

பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, பொத்தான்களைப் பெட்டியின் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அமுக்குகிறவர் கண்ணுக்குக் கதவும் உள்ளே போகிற கையும் தெரியவேண்டும் என்பது என் கணக்கு. பிறகு, மேலே சொன்ன அந்த அருமையான லேபிள்களை ஒட்டினேன்.

சனிக்கிழமை எல்லாம் தயார். பச்சை கதவைத் திறக்கும், சிவப்பு அதை அடைத்து ஆவி விடும் என்று அக்கா எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. அக்கா தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்: மலேசியாப் பிள்ளை ஒரு பெட்டி பொருத்தியிருக்கு, பொத்தானை அமுக்கினாக் கதவு தானாத் திறக்கும், உன்ர கை அதில படத் தேவையே இல்லை. ஜெசிக்கு அந்தக் கதவின் கைப்பிடிதான் பெரிய பயம் என்பது அக்காவின் எண்ணம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மறுநாள் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் நேரே வந்து, ஏப்ரன் கட்டி, தட்டைத் தூக்கினாள்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

பின்கதவுக்கு வெளியே

ஜெசி குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கை இன்னும் ஏப்ரனுக்குள் இருந்தது. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நானும் பக்கத்தில் போய்ச் சாய்ந்துகொண்டேன்.

"நீங்கள் எழுதியிருந்ததைத்தானே அமுக்கினன்?" என்றாள்.

ஆமாம் என்றேன். பிறகு எங்கள் ஊர் லைட்டையும் ஃபேனையும் பற்றிச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரோடு வந்த அறைத்தோழியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "லைற்றைத் திறந்தா அதுக்குள்ள என்ன இருக்கும்?" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கை ஏப்ரனை விட்டு வெளியே வந்திருந்தது. முழங்கைவரை அந்தத் தோல் மினுமினுவென்று இளஞ்சிவப்பாக இருந்தது.

பிறகு அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். கதவு திறந்திருக்கும்போது பச்சையை அமுக்கினால் என்ன ஆகும்? ஆவி வராது என்றேன். வராது என்று யார் சொன்னது என்றாள். கதவு சொல்லும் என்று, அந்த ஓம் கணக்கை அவளுக்கும் சொன்னேன்.

ஓம் என்றதும் அவள் தண்டவாளப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்டைக்கு மகனோட கதைக்கேக்கையும் அக்கா கேட்டது என்ர காதில விழுந்தது. ஓம் எண்டு சொன்னதும் நான்தான். அவவில என்ன பிழை இருக்கு?"

"அப்ப எதுக்குப் பயம்?" என்று கேட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் கேட்டுவிட்டேன்.

"சத்தத்துக்குத் திடுக்கிட்டனான், ஆனா எனக்கு ஆவிக்குப் பயமில்லை, மலர். நான் பெட்டிக்குக் கிட்டப் போனா அக்காவுக்குக் கை நடுங்குது. அதைப் பாத்துக்கொண்டு என்னெண்டு வேலை செய்யிறது? நான் முன்னால நிண்டா அவவுக்கு நெடுக அந்த நினைப்புத்தான். நான் போயிட்டா அவ மறந்திடுவா."

 அக்காவுக்குத் தங்கை பயப்படுகிறாளே என்று வேதனை. தங்கைக்கு அக்கா நடுங்குகிறாளே என்று வேதனை. இரண்டு பேரும் ஒரே வளைவுக்குள் நின்றுகொண்டு, அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல், ஒருத்தி ஸ்கூல் கிச்சனுக்குப் போகப் பார்க்கிறாள். எனக்கு இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"உள்ள வா. அந்த லேபிளையாவது நீயே மாத்திட்டுப் போலா," என்றேன். அவசரத்தில் ஒருமையும் வந்தது, எங்கள் ஊர் 'லா'வும் வந்தது. ஜெசி வந்தாள்.

போடு, நிப்பாட்டு

'திற', 'அடை' இரண்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். எண்ணெய்க்கு அழியாத வகை என்பதால் என் நகம்தான் தேய்ந்தது. பச்சைக்கு 'போடு' என்று சகோதரிகள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் சண்டையில்லை. சிவப்புக்குத்தான் பஞ்சாயத்து.

'நூர்' என்று எழுதச் சொன்னார் பிலோமினா அக்கா. அவர்கள் பேச்சில் அது விளக்கை அணைப்பதற்கான சொல். நூர்க்கிறது விளக்கையும் நெருப்பையும்தான், இது ஆவி, இதை என்னெண்டு நூர்க்கிறது என்று ஜெசி மறுத்தாள். நெருப்பில்லாமல் ஆவி எங்கிருந்து வருகுதாம் என்று அக்கா கேட்டார். பாய்லர் கரண்டில் ஓடுகிறது என்று நான் நடுவில் புகுந்தேன். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். கடைசியில் 'நிப்பாட்டு' வென்றது. அது எனக்கும் புரிகிற சொல் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அடுத்து, ரிலேயின் சின்னத் திரை. கதவு திறந்திருக்கும்போது யாராவது பச்சையை அமுக்கினால், அதில் ஒரு வரி வரும்படி செய்திருந்தேன். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் எழுதவேண்டும். 'கதவை அடை' என்று நான் எழுதியிருந்தது இப்போது செல்லாது. 'கதவைப் பூட்டு' என்று போடச் சொன்னாள் ஜெசி.

"பூட்டுக்கு நான் எங்க போறது? அந்தக் கதவுல கொக்கிதானே இருக்கு?" என்று கேட்டேன். அவர்களுக்குப் பூட்டுவது என்றால் வெறுமனே மூடுவது. எங்களுக்குச் சாவி வேண்டும். அந்தக் குட்டி விசைகளைத் தட்டித் தட்டி ஒவ்வோர் எழுத்தாக மாற்றினேன். நான் இரண்டு 'T' போட்டேன். எட்டிப் பார்த்த ஜெசி, அங்கே இரண்டு 'D' போடவேண்டும், இல்லாவிட்டால் தான் அதைப் 'பூத்து' என்றுதான் வாசிப்பேன் என்றாள். போட்டேன். தமிழை ஆங்கிலத்தில் எழுதுவதிலும் எத்தனை ஊர் பாருங்கள்.

அதுவரை ஒதுங்கி நின்ற பிலோமினா அக்கா அப்போது சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போடட்டோ?

பிறகு சோதனை. பெட்டியின் கதவைத் திறந்து வைத்துப் பச்சையை அமுக்கினேன். வால்வு அசையவில்லை. திரையில் 'கதவைப் பூட்டு' என்று வந்தது. கதவை மூடி அமுக்கினேன். ஆவி பாய்ந்தது. பாயும்போதே கதவைத் திறந்தேன். அந்தக் கணமே நின்றது. ரிலேக்குப் போகும் வயரை வேண்டுமென்றே குறுக்கே இணைத்து, கதவு மூடியிருப்பதாக அதை ஏமாற்றிவிட்டுத் திறந்த கதவோடு அமுக்கினேன். ரிலே ஏமாந்தது. வால்வு ஏமாறவில்லை. ஜெசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏமாற்று வயரை எடுத்துவிட்டு, என் கையைத் திறந்த பெட்டிக்குள் நீட்டினேன். இதை யாரும் எங்கேயும் செய்யாதீர்கள். என் ஆபீசில் தெரிந்தால் வேலையே போய்விடும். ஆனால் நான் கட்டிய பெட்டியில் என் கையை வைக்க நானே யோசித்தால், இன்னொருத்தியை எப்படி வைக்கச் சொல்வது?

"அமுக்குங்க அக்கா," என்றேன்.

சட்டென்று அமுக்கிவிட்டார். ஆவி வரவில்லை.

"கொஞ்சமாவது யோசிச்சிருக்கலாமே அக்கா," என்று நான் சொன்னதும் ஜெசி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினாள். நான் கையை எடுத்த இடத்தில் தன் கையை வைத்தாள். வலது கை. அந்த இளஞ்சிவப்புத் தோல் முழுவதும் பெட்டிக்குள் போனது.

பிலோமினா அக்கா பொத்தானை விட்டுப் பின்வாங்கினார். இரண்டு கைகளையும் ஏப்ரனில் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை, இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம் ஜெசி. எனக்கு ஏலாது."

ஜெசி கையை எடுக்கவில்லை.

"கேளுங்கோ அக்கா. எப்பவும் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ."

மேலே ரயில் ஒன்று போனது. தட்டுகள் கிலுகிலுத்தன.  பிலோமினா அக்கா சுவரில் இருந்த மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தங்கையைப் பார்த்தார். பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனபோது விரல் நன்றாகவே நடுங்கியது.

"போடட்டோ?"

குரல் வெளியே வரவே இல்லை. உதடுதான் அசைந்தது.

"ஓம்," என்றாள் ஜெசி.

அக்கா அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. உள்ளே கை அப்படியே இருந்தது. திரையில் அந்த வரி வந்து நின்றது. கதவு ஓம் சொல்லவில்லை.

பிலோமினா அக்கா விரலை எடுக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பச்சைப் பொத்தானை மறுபடியும் மறுபடியும் அமுக்கினார். கண்ணீர் தாடையில் இறங்கி ஏப்ரனில் சொட்டியது. அமுக்க அமுக்க விரலின் நடுக்கம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அதை நான் பார்த்தேன். ஜெசியும் பார்த்தாள்.

"காணும் அக்கா, போதும், விடுங்கோ," என்றாள் ஜெசி. கையை வெளியே எடுத்து, மேசையிலிருந்த அடுத்த தட்டைத் தூக்கினாள். "பிழிஞ்சு வச்சது காயுது."